இருபத்துமூன்று பற்கள்

முதலில் வாங்கியதில் இருபத்தொரு பல்.
பழைய வண்டிகள் குவிந்த முற்றத்தில்
பனியைத் தட்டி எண்ணாமல் எடுத்துவந்தது என் தப்பு.
திருப்பிக் கொடுக்க நாற்பது மைல்.
இரண்டாவதை மார்லிஸ் எண்ணினாள்,
ஒரு பல்லில் சாக்பீஸ் கோடு போட்டு,
வாய்விட்டு, பள்ளிப் பிள்ளை மாதிரி.
இருபத்துமூன்று.
"இது சேரும்."

மார்லிஸ், வான்ஸின் மனைவி.
வான்ஸ், ஆறு வருஷம் முன்புவரை என் கணவன்.
கியர்பெட்டி இறக்கும் ஜாக்
இந்தப் பக்கத்தில் இரண்டு வீட்டில்தான் உண்டு.
இன்னொரு வீட்டுக்காரன் அரிசோனா போயிருந்தான்.

நான் தபால் போடுகிறவள்.
காட்டன்வுட் ஓடையிலிருந்து மேல் பள்ளத்தாக்குவரை
இருநூற்றுப் பதினாலு பெட்டி.
சன்னல்வழி கை நீட்டத் தோதாக
ஸ்டியரிங் வலப்பக்கம் வைத்த ஜீப்.
மொன்டானாவில் மார்ச் மாதச் சாலை
ஒரே மனசாக இருப்பதில்லை.
குன்றின் நிழலில் கண்ணாடிப் பனி,
வளைவு தாண்டினால் காய்ந்த தார்.

பழைய டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தெரிந்தது இரண்டே வழி.
பின்சக்கரம் மட்டும்;
இல்லையென்றால் முன்னும் பின்னும் ஒரே வேகம்,
இம்மி பிசகாமல்.
திரும்பும்போது முன்சக்கரம் கூடுதல் தூரம் ஓடியாக வேண்டும்.
அது ஒப்புக்கொள்ளாது.
அடியில் எங்கோ இறுகும், முனகும்,
டயர் ஒன்று தாரைப் பிறாண்டி விடுபடும்.
வான்ஸ் அந்தக் காலத்திலேயே கேட்டிருக்கிறான்.
ரேடியோவைக் கூட்டிவைப்பான்.

கொட்டகைத் தரையில் அட்டை விரித்துப் படுத்தோம்.
காப்பி டப்பாவில் சிவப்பு எண்ணெய் இறங்கி முடிய
முன் தண்டு, பின் தண்டு, வேகமானிக் கம்பி.
ஆறு நட்டில் ஐந்து சொன்ன பேச்சுக் கேட்டன.
உச்சியிலிருக்கும் ஆறாவது
கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான்.
என் விரல் எட்டவில்லை. அவளுக்கு நீள விரல்.
கண்ணை மூடிக்கொண்டு "பிடிச்சிட்டேன்" என்றாள்.
ஒரு தடவைக்கு நட்டின் ஒரு பக்கம்.
கால் மணி நேரம்.

அப்போதுதான் பார்த்தேன்,
அவள் போட்டிருந்த கம்பளிச் சட்டை
நான் வான்ஸுக்கு வாங்கியது.
முழங்கையில் என் தையல்,
கோணலாக, பச்சை நூலில்.
"ஸ்பேனர்" என்றாள்.
கொடுத்தேன்.

பழையது ஜாக்கில் உட்கார்ந்து இறங்கியது, முப்பது கிலோ.
புதியது என்கிறோம்.
அதுவும் பழசுதான்,
எவனோ கவிழ்த்த வண்டியில் ஓடியது.
வேகமானியின் சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரத்தை
இதிலிருந்து கழற்றி அதில் வைத்தாள்.
"இதை மறந்தா,
நீ போற வேகத்தை உனக்கே பொய் சொல்லும்."

தூக்கினோம். சேரவில்லை.
இன்னும் தூக்கினோம். தாடையில் எண்ணெய் சொட்டியது.
பின் முனையைக் கையால் பிடித்து
அரைப் பல் திருப்பினேன்.
ஒரு கதவு சாத்துகிற சத்தம்.

"நீ இங்கே வந்தது அவனுக்குத் தெரியுமா?"
"ஜாக்கைக் காணோம்னு தெரியும்."
இரண்டு பேரும் மல்லாந்தபடியே சிரித்தோம்.
அவள் முன்னங்கையிலிருந்து மணிக்கட்டுவரை
தோல் வழண்டிருந்தது.

குச்சியின் அடியிலுள்ள எழுத்துத் தகடு மட்டும் கிடைக்கவில்லை.
பழைய தகட்டில் நான்கு இடம், இதற்கு ஐந்து.
எழுத்து ஒன்று சொல்ல, பெட்டி வேறொன்று செய்யும்.
கைக்குப் பழகிவிடும்.

திங்கட்கிழமை, மேல் பள்ளத்தாக்கு.
நிழல் முடிகிற வளைவில்
பனியிலிருந்து தாருக்கு ஏறினேன்,
நான்கு சக்கரமும் இழுக்க, தோள் இறுக்கி.
முனகல் வரவேண்டிய இடத்தில்
டயரில் சரளை மட்டும்.
ரேடியோவை அணைத்துவிட்டு இன்னொரு முறை கேட்டேன்.

நூற்று எண்பத்தேழாம் பெட்டி.
வான்ஸ் பெயருக்கு மின்கட்டணம், டிராக்டர் விளம்பரம்.
தபால்தலை இல்லாமல் எதையும் பெட்டிக்குள் வைக்கக்கூடாது,
எனக்கும் அதே விதி.
காலையில் தபாலாபீசில் வரிசையில் நின்று
முழு விலைக்குத் தலை ஒட்டியிருந்தேன்.
தோல் கையுறை ஒரு ஜோடி.
நீள விரல்.
மார்லிஸ் பெயருக்கு.