பதினேழோ பதினெட்டோ

தஸ்பீஹ் மணியை மேலே கொண்டுபோக விடமாட்டார்கள்.
நெம்புகோலில் சிக்குமாம்.
மோதிரம், சங்கிலி, சால்வை என்று அச்சடித்த பட்டியலில்
யாரோ பேனாவால் கடைசியாகச் சேர்த்தது.
ஆகவே விரல்கள்.
நான்கு விரல், பன்னிரண்டு கணு.
மூன்று சுற்று போனால்
முப்பத்து மூன்றைத் தாண்டி மூன்று கணு மிச்சம் விழும்.
அந்த மிச்சத்தை என்ன செய்வதென்று
பதினோரு வருஷமாக எனக்குத் தெரியாது.

வலக்கையால் எண்ணுவதே சிறப்பு என்பார்கள் பள்ளிவாசலில்.
வலக்கையில் தொண்ணூறு டன் தொங்குகிறது, ரப்பே,
நீ அறிவாய்.
இடக்கையால் எண்ணுகிறேன்.

ஸெனிட்சாவில் ஜனவரி.
போஸ்னா ஆறு புகைக்கு அடியில் எங்கோ
இருக்கிறது என்று நம்பவேண்டும்.
அறுபத்திரண்டு படி ஏறினால் என் கண்ணாடி அறை:
ஒரு இருக்கை, ஒரு ஹீட்டர், பிளாஸ்கில் காப்பி,
கிப்லாவுக்குத் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு.
தண்டவாளத்தில் கிரேன் எவ்வளவு ஓடினாலும்
அந்தக் கோடு திசை மாறுவதில்லை.
நான்தான் சில இரவுகளில் அதைப் பார்ப்பதில்லை.

இடைவேளையில் தொழுத இஷாவின் தஸ்பீஹ்
இரண்டேகால் வரை இழுத்துக்கொண்டு வந்தது.
உருக்குக் கொப்பரை பாதி வழியில்.
சுப்ஹானல்லாஹ்,
பதினேழோ பதினெட்டோ,
மின்சாரம் போயிற்று.

பிரேக் கவ்விக்கொண்டது.
இருட்டில் கொப்பரை மட்டும்
கோபம் ஆறாத ஒரு முகம்போல் தொங்கியது.
அந்த ஆலை அமைதியாக இருந்து நான் கேட்டதேயில்லை.
அப்போதுதான் அறைக்குள்
யாரோ முணுமுணுப்பது காதில் விழுந்தது.
திடுக்கிட்டுத் திரும்பினேன்.
என் நாக்கு.

நான் எங்கே இருந்தேன் தெரியுமா?
உனக்குத் தெரியாதது எது, இருந்தாலும் சொல்கிறேன்.
சலவை இயந்திரத்தின் ஏழாவது தவணையில்.
லியுப்லியானாவில் இருக்கும் மகள் எல்வெதினா
என் செய்தியைப் படித்துவிட்டு
பதில் எழுதாத மூன்று நாளில்.
நூறு முறை அவளை நினைத்தேன்,
ஒரு முறையும் எண்ணவில்லை.
உன்னை எண்ணினேன்,
நினைக்கவில்லை.

நெஞ்சில்லாத நாக்கு வெறும் கூடு என்றார்
வெள்ளிக்கிழமை ஹோஜா.
இருக்கலாம்.
ஆனால் பிரேக்குக்குத் தான் பிடித்திருப்பது என்னவென்று தெரியாது.
பிடித்திருக்கிறது.
இதை ஆறுதலாக மடித்து வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது.
பிறகு, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கீழே ஒரு டார்ச் ஆடியது. ட்ராகுதின்.
"ஸும்ரெதா! உயிரோடு இருக்கிறாயா?"
"அல்ஹம்துலில்லாஹ்!"
"நாற்பது நிமிஷம் ஆகுமாம். அவரிடம் கேள்,
கொஞ்சம் சீக்கிரம் முடியுமா என்று!"
அவன் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டானா
கோட்டில் சிகரெட் தேடினானா,
அத்தனை உயரத்தில் இருந்து தெரியவில்லை.

நான் கேட்கவில்லை.
ஹீட்டர் செத்துப்போன குளிரில்
கையை அக்குளில் வைத்துக்கொண்டு
கட்டைவிரலை விட்ட கணுவைத் தேடினேன்.
பதினேழிலா, பதினெட்டிலா?
பதினெட்டு என்றே வைத்துக்கொண்டேன்.
ஒன்று குறைந்திருந்தால்
இத்தனை வருஷ மிச்சத்தில் கழித்துக்கொள்.

மீதியை மெதுவாகச் சொன்னேன்.
ஒவ்வொன்றுக்கும் வாயில் இருந்து ஆவி வந்தது.
இருபத்தாறில் மகள் மறுபடி வந்தாள்.
வரட்டும் என்று அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு
இருபத்தேழு சொன்னேன்.

மூன்றுக்கு வெளிச்சம் வந்தது.
கொப்பரையை இறக்கினேன். மேல் ஏடு கட்டியிருந்தது,
வெஹித் வசைபாடினான், எனக்கில்லை, மின்வாரியத்துக்கு.

காலைப் பேருந்தில் ஜன்னலோரம்.
கட்டைவிரல் தன்பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது போலும்.
பக்கத்தில் இருந்தவள், தாதி உடையில்,
தூக்கக் கண்ணோடு கேட்டாள்:
"என்ன, சம்பளக் கணக்கா?"
"இல்லை," என்றேன்,
"கடன்."