அடிப்பக்கம்

ஒருகொடவத்தையில் நாலு நாள்
வெயிலில் கிடந்த பெட்டி.
எலும்பா, எந்த மிருகத்தின்ர என்று கேட்ட
சுங்கத்துப் பெடியன்
திமிங்கிலம் என்றதும் பேனையை வைத்துவிட்டான்.
அவனுடைய படிவத்தில்
யானைக்கு ஒரு கட்டம் இருந்தது.

இப்போது கிறீன் பாத் மண்டபத்தில்
பஞ்சை விலக்கி ஒவ்வொன்றாய் எடுக்கிறோம்.
கறுத்த கல்லில் ஒரு பெண்,
இடுப்புக்குக் கீழே கடல்நாய்.
எது எதற்குள் போகிறதென்று
கல் சொல்லவில்லை.
முதுகில் பிள்ளையோடு ஒருத்தி,
பிள்ளைக்கு ஆந்தை முகம்.
எலும்பில் செய்த கரடி ஒற்றைக் காலில் ஆடுகிறது,
கூத்து முடிந்த பிறகும்
வீட்டுக்குப் போகாத வெறிகாரன் மாதிரி.

ஒன்றும் நிற்கவில்லை.
மேசையில் வைத்தால் உருள்கிறது.
"அடியில்லாத சாமானுக்கு
எப்படி மிஸ் ஸ்டாண்ட் அடிக்கிறது?"
தச்சு வேலைக்கு வந்த தௌஸீர் நானா.
நிறுத்தி வைக்கச் செய்ததில்லையாம்,
கையுறையைக் கழற்றிவிட்டு
ஆளுக்காள் கைமாற்றித்
திருப்பித் திருப்பிப் பார்க்கத்தானாம்.
கூட வந்த கடதாசி சொல்கிறது.
அதே கடதாசியின் மறுபக்கம்:
கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

என் வேலை சிறியது.
பதினெட்டு அட்டை, வெள்ளிக்கிழமைக்குள்.
மேல் வரி சந்திமவின் சிங்களம்,
கீழ் வரி அங்கிருந்தே வந்த ஆங்கிலம்,
நடு வரி நான்.

பனி என்று எழுதினேன்.
நுவரெலியாப் புல்லில் விடிய இருப்பதும் பனி,
மார்கழியில் தலைக்கு ஆகாததும் பனி,
மனிதர் கத்தியால் அறுத்து
வீடு கட்டிக் குடியிருப்பதும்
அதே இரண்டெழுத்து.
பாவம் இந்தச் சொல்,
இவ்வளவு குளிரை ஒருநாளும் கண்டதில்லை.

பிறகு அந்த அச்சுப் படம்.
வேடன் வாயிலிருந்து கோடு கோடாய் எழும்பி
பல்லும் நகமுமாய் மேலே நிற்கிறது ஒன்று.
பேய் என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.
தெய்வம் என்றால் யாராவது பூ வைப்பார்கள்.
ஆவி என்று போட்டுவிட்டு நிமிர
பக்கத்து அறையில் சந்திம
தேத்தண்ணிக் கேத்தலின் மூடியைத் திறக்கிறார்.
அதுவும் அதுதான்.
சுவரில் ஈரமானி கத்தத் தொடங்கிற்று.

கடைசியாக, உள்ளங்கை நிறைய ஒரு வால்ரஸ்.
புரட்டினால்
வயிற்றில் ஆணியால் கீறியிருக்கிறது:
ஈ ஏழு, நானூற்றுப் பத்தொன்பது.
ஒரு காலம் அந்த ஆட்களுக்கெல்லாம்
அரசாங்கம் ஆளுக்கொரு வில்லை கொடுத்ததாம்,
நூலில் கோத்துக் கழுத்தில் போட.
அவர்களின் பெயர்கள்
கந்தோர்க்காரரின் வாய்க்குள் நுழையவில்லை.
ஆங்கில அட்டையில்:
கலைஞர், அடையாளம் தெரியாதவர்.

வெள்ளவத்தையில், இரவு பதினொன்றரைக்கு,
டோர்ச் வெளிச்சத்தில்
ஐசியும் பொலிஸ் பதிவுத் துண்டும் நீட்டி
வரிசையில் நின்றிருக்கிறேன், பத்தொன்பது வயதில்.
நிரோதயாழினி என்கிற என் பெயரை
அந்த மனிதர் பாதியில் விட்டார்.
ஒன்பது இலக்கத்தையும் கடைசி வீயையும்
பிழையில்லாமல் எழுதினார்.
இப்பவும் நித்திரையில் எழுப்பிக் கேட்டால்
முதலில் அதுதான் வரும்.

அட்டையில் எழுதினேன்:
செய்தவர், ஈ ஏழு நானூற்றுப் பத்தொன்பது.
பெயர் கேட்கப்படவில்லை.

மூன்று மொழியும் ஒன்றாய் இருக்க வேண்டும் என்றார் சந்திம.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
பிறகு தன்னுடைய வரியை அடித்தார்.
ஆங்கிலத்தை என்ன செய்வதென்று
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

கீழே கண்ணாடி வைக்கலாமா என்று கேட்டேன்.
வைத்துப் பார்த்தோம்.
எண் இடம்வலம் மாறிப் போயிற்று.
தௌஸீர் நானா ஒன்றும் சொல்லாமல்
வால்ரஸை எடுத்து மல்லாத்தினார்.
காலிமுகத் திடலில் வெயில் காயும் நாய் மாதிரி
வயிற்றைக் காட்டிக்கொண்டு
ஆடாமல் கிடந்தது.