கணையாழி

சிலியின் தெற்கே வால்திவியாவில்
ஏழாவது நாளாக மழை.
மூன்றாம் மாடியில்
என் நுண்ணோக்கிக்கு மட்டும் வெளிச்சம்.

தாளில் இருந்தது இவ்வளவுதான்:
ஓத்திலியா கயுமான், ஐம்பத்தாறு, இடது மார்பு, கட்டி.
செவ்வாய்க்கிழமை அறுவை.
ரெனாத்தோவின் கையெழுத்து அவசரத்தில் சாய்ந்திருந்தது.

ஊதாவும் ரோஜாவுமாய்
ஒற்றை வரிசையில் நடந்துபோகும் செல்கள்.
மார்பில் பிறந்தவையும் இப்படித்தான் நடக்கும்.
அப்படியே எழுதத் தொடங்கிவிட்டேன்.
பாதி வாக்கியத்தில் ஒன்று இடறியது.
உடம்பு நிறையச் சளியை வைத்துக்கொண்டு
கருவை ஓரத்துக்குத் தள்ளிய செல்.
நடுவில் வெறுமை, விளிம்பில் கல்:
கணையாழி.

கணையாழி வந்தால்
அனுப்பியது யாரென்று கேட்கவேண்டும்.

பால்குழாய்களுக்குள் தேடினேன்.
பிறந்த வீடென்றால் ஒரு தொட்டிலாவது கிடக்குமே.
இல்லை. எல்லாம் வெளியே,
வழிப்போக்கர்களாய்.

சாயம் ஏற்றிக் காத்திருந்தேன்.
மார்பின் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு
ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.
குடலின் பெயருக்கு
பாதிக்கு மேல் பழுப்பாய்க் கை தூக்கின.

"சாப்பிடுகிறாளா?"
"மார்புக்கு வந்தவள், டாக்டர்."
"சாப்பிடுகிறாளா என்று கேள், ரெனாத்தோ."

ஆற்றங்கரைச் சந்தையில் சிப்பி விற்பவள்.
கடல்சிங்கங்கள் கரையேறி வந்து
வாய் பிளந்து நிற்கும் இடம்.
ஆறு மாதமாய்த் தன் மதியத் தட்டில் பாதியை
அவற்றுக்கே எறிகிறாளாம்.
இரண்டு கவளத்தில் நிறைந்துவிடுகிறது,
வயசாகிறது, என்றாளாம்.

திங்கட்கிழமை குழாய் உள்ளே இறங்கியது.
காற்று செலுத்தியும் விரியவில்லை இரைப்பை,
பழைய தோல்பை போல.

நான் நோயாளிகளைப் பார்ப்பவள் அல்ல.
இருபத்திரண்டு வருடம் கண்ணாடித் தகடுகளோடு சரி.
அன்றைக்கு ஏனோ படியிறங்கிப் போனேன்.
ரெனாத்தோ சொல்லிக்கொண்டிருந்தான்:
வயிற்றிலிருந்து வந்தது,
மிக அபூர்வம்,
நாளைய அறுவை வேண்டாம்.

ஈர மேல்கோட்டின் பொத்தானைப் பிடித்தபடி
"அப்படியானால் இதை எடுக்க மாட்டீர்களா?" என்றாள்.
முகம் முழுக்கச் சிரிப்பு.
மகனைத் திரும்பிப் பார்த்தாள்,
கேட்டாயா, எடுக்க மாட்டார்களாம்.

அவன் தரையைப் பார்த்தான்.

மேலே வந்து
அறிக்கையில் 'அபூர்வம்' என்ற சொல்லை அடித்தேன்.
வியாழக்கிழமை இரவு, பழுப்பு தெரிந்த கணத்தில்,
யாருமில்லாத அறையில்
நானும் அப்படித்தான் சிரித்திருந்தேன்.