கூண்

பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும்,
சொட்டு விழக் கூடாது.
வைக்கோலுக்கு அதுதான் பதம்
என்றார் பயிற்சியில் அந்த அதிகாரியம்மா.
நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.
பக்கத்து நாற்காலியில் குற்றாலிங்கம்
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஆடியிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

யாரோ ஒரு டிரைவருக்கு
என்னிடம் சொல்லாமல் ஜாமீன் கையெழுத்து.
டிரைவர் போனான்.
அவன் பின்னாலேயே போனது
என் இரட்டைவடச் சங்கிலி.

புளியரையில் எங்களுக்கொரு வசதி.
எஸ் வளைவில் வைக்கோல் லாரிகள்
ஒருபக்கம் சாய்ந்து, முனகி, மேலேறும்.
கேரளத்து மாடுகளுக்குப் போகிற வழியில்
புளியமரக் கிளை பிடுங்கிக்கொள்வதை
மழை படும் முன் சாக்கில் அள்ளலாம்.
இன்னொரு வசதி, கணவாய்க் காற்று.
வடக்குச் சுவர் வருஷம் பூராவும் வியர்க்கும்.
குடிவந்த நாள் முதல்
அந்த ஈரத்தைத் திட்டியிருக்கிறேன்.
இப்போது அதற்குத்தான் சம்பளம்.

படுக்கையறைக் கட்டிலைக் கழற்றி
வெளியே தார்ப்பாய்க்கு அடியில் போட்டோம்.
அவர் தூக்கினார்,
நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.
வெந்நீரில் ஊறிய வைக்கோல் ஒரு சுற்று,
சோளத்தில் வளர்த்த வித்து ஒரு சுற்று,
கட்டித் தொங்கவிட்டால் நாற்பது பைகள்
தலையில்லாத ஆட்கள் மாதிரி.
ஜன்னலுக்குக் கறுப்புச் சேலை.
உள்ளே போகும் முன் டெட்டாலில் கை, கால்.
கோயிலுக்குக்கூட நான்
இவ்வளவு சுத்தமாய்ப் போனதில்லை.

பத்தாம் நாள் பைக்குள்
பாலாடை படிந்தது போல வெள்ளை.
பதினேழாம் நாள் துளைகளில்
குண்டூசித் தலைகள்.
சலூனில் வாங்கிய ஸ்பிரேயால்
காலையில் அவர், மதியம் நான், சாயங்காலம் அவர்.
தெளித்தாயிற்று என்பதற்கு அடையாளம்
பாட்டிலைக் கதவின் வலப்பக்கம் வைப்பது.
வாய் தேவைப்படவில்லை.

ஒரு ராத்திரி விழித்துக் கிடந்தேன்.
அவர் துண்டில் எதையோ பொதிந்து
கொய்யாவுக்குப் பின்னால் போனார்.
மண்வெட்டிச் சத்தம்.
காலையில் எண்ணினேன், இரண்டு தடவை.

"நாற்பதா?"
என் குரல் எனக்கே யாரோ போலிருந்தது.

பாட்டிலை எடுத்தார், வைத்தார், எடுத்தார்.
"முப்பத்தொன்பது.
பச்சை பூத்துப்போச்சு ஒண்ணு."
கொஞ்சம் கழித்து, சுவரைப் பார்த்தபடி,
"இருபத்திரெண்டாவதுலயும்
ஒரு ஓரமா இருக்கு. வந்து பாரு."

டார்ச் அடித்துக் காட்டினார்.
பைசா அளவு, பாசி நிறம்.
நான் மூக்கை வைத்து முகர்ந்தேன்,
அவரும் முகர்ந்தார்.
இரண்டு பேர் தலையும் இடித்துக்கொண்டது.
தூக்கிப் போடணும் என்றேன் நான்.
சுண்ணாம்பு வைத்துப் பார்ப்போம் என்றார்.
அரைமணி நேரம் சண்டை போட்டோம்,
ஆசை தீர.

முதல் அறுவடை நாலரைக் கிலோ.
புனலூர் பஸ்ஸில் மடியில் வைத்துப் போனேன்.
ஆரியங்காவில் மெஸ் நடத்தும் சோசாம்மா
பொட்டலத்தைப் பிரித்து
"நல்ல கூணாணல்லோ" என்றாள்.
என் முதுகைத்தான் சொல்கிறாளோ என்று
நிமிர்ந்து நின்றேன்.
கூண் என்றால் அங்கே காளான்.
அவள் சிரித்ததில் கல்லாப்பெட்டி ஆடியது.

கார்த்திகையில் மாலை போட்டவர்கள் கூட்டம்.
ஒரு பெரியசாமி இலையில் கிடந்ததைக் கிள்ளி
இது கறி மாதிரியிருக்கே என்று
ஓரம் தள்ளி வைத்தாராம்.
பக்கத்திலிருந்த கன்னிசாமி, எட்டு வயசு,
அவர் இலையிலிருந்தும் எடுத்துத் தின்றானாம்.
பஸ்ஸிறங்கி வந்து இதைச் சொன்னபோது
குற்றாலிங்கம் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.
"யாரு சொன்னது, சோசாம்மாவா?
அவ சும்மா அளப்பா."

சங்கிலிக்கு இன்னும் எத்தனை கிலோ என்று
நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன்.
விடை பெரிதாக வந்தது.
அடித்துவிட்டு மறுபடி போட்டேன்,
அதுவே வந்தது.

கட்டில் இன்னும் வெளியேதான் கிடக்கிறது.
நேற்று தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால்
கால் கட்டையில், யாரும் வித்துப் போடாமல்,
காது காதாய் என்னவோ முளைத்திருக்கிறது.
தின்னலாமா கூடாதா என்று
இவரைக் கேட்க வேண்டும்.