நான்காம் வாளி

அனுப்பியவர் பெயர்மேல் கறுப்புப் பட்டை ஒட்டி
எனக்கு 'மதிப்பீட்டாளர் 2' என்று முகமூடி மாட்டி
ஆய்விதழ் கேட்டது:
கட்டுரையாளரோடு உறவோ பகையோ உண்டா?
யாரென்றே தெரியாதவரோடு எனக்கென்ன உறவு.
இல்லை என்றேன்.

தார்த்து நகரில் நவம்பர்.
மூன்றரைக்கே விளக்கைப் போட்டாயிற்று.
விசைப்பலகை இடுக்கில் கறுப்பு ரொட்டித் துணுக்கு.
சதுப்பு நிலம் விடுகிற மூச்சில்
எவ்வளவு மீத்தேன் என்று இருபத்தெட்டுப் பக்கம்.
மேற்கோள் நாற்பத்தொன்றில்
பத்தொன்பது ஒரே ஆளுடையவை:
திரைக்குப் பின்னால் ஒளிந்தவர்
செருப்பை வெளியே விட்டுவிட்ட மாதிரி.

அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பதினோராம் பக்கத்தில் ஒரு படம்.
பாசிமேல் வரிசையாய்க் கவிழ்த்த வாளிகள்.
நான்காவது மட்டும் நீலம்.
வெள்ளைச் சாயம் தீர்ந்துபோனதால்
என் சமையலறைக் கதவுக்கு வாங்கியதை
நான் பூசினேன்.

அந்த ஆகஸ்டில் அது விரிந்துபோனது.
பலகைப் பாதையில் நின்று ஊர்மாஸிடம் சொன்னேன்.
கழுத்துக் கொசுவை அடித்துக்கொண்டே தலையாட்டினார்.
இப்போது அட்டவணையில்
முப்பத்து மூன்றாம் வாரம், நான்காம் வாளி:
ஓட்டையில்லாத எண்கள்.

விலகிக்கொள்வதுதான் முறை.
விலகினால் இந்த எண்களைச் சந்தேகிக்க
உலகத்தில் வேறு ஆளில்லை.

கடைசியில் ஒரு கட்டம்:
உங்கள் பெயரைக் கட்டுரையாளருக்குத் தெரிவிக்கலாமா?
என் வேலை ஜூனோடு முடிகிறது.
அடுத்த நிதிக்குழுவில்
அவருக்கு ஜன்னலோர நாற்காலி.
வெளிப்படைத்தன்மை பற்றிக் கருத்தரங்கில்
நான் பேசிய இருபது நிமிடம்
அப்போது ஞாபகம் வந்து என்ன பயன்.
கூடாது என்பதை அழுத்தினேன்.

பிறகு ஒரே வரியைப் பதினோரு முறை எழுதினேன்.
வழக்கமாய் நான் வைக்கும் அரைப்புள்ளிகளைப் பிடுங்கினேன்.
'வாளி'யை எடுத்துவிட்டு 'கலம்' என்றேன்.
ஆண் எழுதியதுபோல் கொஞ்சம் முரட்டுத்தனம் சேர்த்தேன்.
மிஞ்சியது இது:
33ஆம் வாரம், 4ஆம் கலம். இந்த அளவீடுகள் எப்படிக் கிடைத்தன?

எழுதி முடித்ததும் தெரிந்தது,
முகத்தை மூடிக்கொண்டு
சொந்தக் குரலில் பேசியிருக்கிறேன்.

பிப்ரவரியில் பதில் வந்தது.
திருத்திய அட்டவணையில் அந்த வாரம் வெறுமை.
"மதிப்பீட்டாளர் 2க்கு நன்றி.
கலத்தில் விரிசல் இருந்தது. நீக்கிவிட்டோம்."

விரிசல் என்ற சொல்லை
நான் எங்கேயும் எழுதவில்லை.

ஏற்கலாம் என்று பரிந்துரைத்தேன்.
ஜூனுக்கு இன்னும் நான்கு மாதம்.