மாதிரி 27

பதினொரு பெட்டிகள். அதில் நான்கு
பெட்டியல்ல, யூரியாப் பை.
கலாநிதி புவனலோஜினி அம்பலவாணர்,
உயிரிரசாயனவியல் என்று
வெளியே நீலப் பேனை.
அறிவியல்நகரில் இந்த அறைக்கு
இன்னும் குளிரூட்டி பூட்டவில்லை.
கறையானுக்கு வேப்பிலை வைத்திருக்கிறேன்.
மேலிடத்துக்கு அது தெரியாது.

உயர்தரத்தில் இரசாயனத்துக்கு எனக்கு எஸ்.
ஆகவே நான் வாசிப்பது
கையெழுத்தை, துருவேறிய குண்டூசியை,
பற்றுச்சீட்டுகளை:
கிளாலிப் படகுக் கூலி.
சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டு, இரண்டு.
மண்ணெண்ணெய் அரைப் போத்தல்.
விலையைப் பார்த்துவிட்டு
கூட்டலில் பிழை என்று நினைத்தேன். பிழையில்லை.

அவர் தேடியது மரவள்ளிக்குள் இருக்கும் நஞ்சை.
அரிசி வராத ஆண்டுகள்.
பல வீடுகளில் மூன்று வேளையும் அதுதான்.
கிழங்கை நசித்துப் போத்தலில் இட்டு
மஞ்சள் தாள் ஒன்றைத் தொங்கவிட்டால்
விடியும்போது அது செங்கல் நிறம்.
எவ்வளவு சிவப்போ அவ்வளவு நஞ்சு.
தாளை நனைக்கிற அமிலம் வெடிக்கும்,
ஆகவே தடைப்பட்டியலில்.
அனுமதி கேட்டு ஒன்பது கடிதங்கள்.
பதில் ஒன்று: "தங்கள் கடிதம் கிடைத்தது."

நஞ்சின் பெயர் எந்தக் கொப்பியிலும் இல்லை.
இந்த ஊரில் அந்தச் சொல்லைக்
கழுத்தில் கட்டித் திரிந்த பிள்ளைகள் இருந்தார்கள்.
கொப்பிக்கோ சாவடிகள் தாண்ட வேண்டியிருந்தது.
அவர் "கசப்பு" என்று எழுதினார்.
மாதிரி 12, கசப்புக் கூட.
மாதிரி 19, அவித்த பின் குறைவு.
பட்டியலில் "பொருள்" என்ற கட்டத்துக்குள்
நானும் அதையே அடித்தேன்.
மேற்பார்வையாளர் சிவப்பால் சுழித்துத்
திருப்பி அனுப்பியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை ஒருவர் வந்தார்.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
காணிப் பிணக்கு. தொண்ணூற்று நாலில்
அங்கேதான் இருந்தீர்கள் என்பதற்குக்
கடதாசி கேட்கிறார்களாம்.
உறுதி, குடும்ப அட்டை எல்லாம் மாத்தளனில் போனது.
"சைக்கிளில ஒரு மிஸ் வந்தவ.
எங்கட வளவில கிழங்கு வேண்டினவ.
எத்தினை பேர் சாப்பிடுறது எண்டு
கேட்டுக் கேட்டு எழுதினவ.
அந்தக் கொப்பி இஞ்ச இருக்கோ?"

இரண்டு மணித்தியாலம் எடுத்தது.
மாதிரி 27. உருத்திரபுரம், எட்டாம் வாய்க்கால்.
தம்பு இராசகிளி வளவு, கிணற்றுக்கு மேற்கே.
வெள்ளைக் கிழங்கு, பத்து மாதம்.
தோல் உரித்தது. மூடாமல் அவித்தது.
உண்போர்: 7.
ஓரத்தில் பென்சிலால்,
"இஞ்சி சேர்த்தால் ஆள் முடியுமா என்று
இங்கும் கேட்டார்கள்.
இந்த வீட்டில் இஞ்சி இல்லை.
தேத்தண்ணிக்குச் சீனியும் இல்லை."

அவர் ஏழின்மேல் விரலை வைத்துப்
பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார்.
ஆறில் முடிந்துவிட்டது.
மறுபடி தொடங்கினார்,
இந்த முறை வயதுப்படி.
ஆறு.
"சின்னவன் அப்ப பிறக்கேல்லை" என்றார்.
"பிழையா எழுதிப்போட்டா."
ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தார்.
பிறகு, "இல்லை.
அம்மா மிஸ்ஸையும் இருத்திச் சாப்பிட வச்சவ."

கசப்பு என்ற நிரலைப் பார்த்தேன்.
26 வரை தாள் துண்டுகள் ஒட்டியிருக்கின்றன,
எல்லாம் இப்போது ஒரே பழுப்பு.
27-க்கு நேரே துண்டு இல்லை.
"தாள் முடிந்தது" என்று மட்டும்.
முடிவு தெரியாமல்தான் அன்று
அந்தக் கோப்பையை ஏந்தியிருக்கிறார்.

உண்மைப்பிரதிக்கு நாற்பது ரூபாய்.
போட்டோப் பிரதியில் பென்சில் விழவில்லை.
கறுப்பைக் கூட்டி இன்னொரு தரம் எடுத்தேன்.
இஞ்சி வந்தது, சீனி வந்தது,
கூடவே பக்கம் முழுக்கக்
கறையான் ஓடிய வழியும்.
காணிக் கந்தோருக்கு முதலாவதுதான் துப்புரவு, சொன்னேன்.
இரண்டையும் வாங்கினார்.
எண்பது ரூபாய்க்குச் சில்லறை இல்லை,
வாசலில் நின்று பொக்கற்றுகளைத் தடவினார்.
நாளைக்குத் தரலாம் என்றேன்.