கதவடிக் கதிரை

நாவாந்துறைச் சனசமூக நிலையத்தில்
புதன் நாலரைக்கு ஒன்பது பிளாஸ்டிக் கதிரைகள்.
வட்டமாய்ப் போடவேணும் என்கிறது பயிற்சிப் புத்தகம்.
இவங்கள் போடுவது நண்டு நடந்த தடம்.

"கோபத்துக்கு ஒரு நிறம் சொல்லுங்கோ."
"பல்சர் நிறம், மிஸ்."
சிரிப்பு. அதோடு அன்றைய அமர்வு முடிந்தது.

டினுசன் கதவடியில்தான் இருப்பான்,
முதுகு சுவருக்கு, கண் ஒழுங்கைக்கு,
வாள்வெட்டு வழக்கின் தவணைத்துண்டு சட்டைப் பையில்.

ஆறாம் கிழமை கதிரையை உள்ளே இழுத்தான்.
அறிக்கையில் 'முன்னேற்றம்' என்று எழுதி
வெட்டினேன்:
கதவடியில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.

இன்று நல்ல வெயில்.
கதிரையைத் தூக்கிக்கொண்டு நடுவில் நிற்கிறான்,
எங்கே வைப்பதென்று தெரியாமல்.
ஒருத்தரும் கூப்பிடவில்லை. நானும்தான்.
யூட் மட்டும்
முழங்காலைக் கொஞ்சம் ஒதுக்கினான்.